ஒரு சொட்டுக்கு ஒன்பது மணி நேரம்

தைரியநாதன் இன்னும் எத்தனை நாள் உயிரோடு இருப்பார் என்பது ரெஜினாவின் போனில் ஓடிக்கொண்டிருந்தது. 'இன்று மழை இல்லை' என்ற வரிக்கு நேர் கீழே.

1,460 நாள், 0 மணி.

அந்த எண்ணை அங்கே ஏற்றிக் கொடுத்தவர் டாக்டர் மிருதுளா. கொடுக்கும்போதே சொன்னார்:

"இது ஜோசியம் இல்ல மேடம். வெறும் கணக்கு. இறங்கும், ஏறாது."

தைரியநாதனுக்கு அறுபத்துநான்கு வயது. திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஹைட்ரஜன் என்ஜின் பிரிவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ப்ரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். இரண்டு வருடமாக மூன்று மாதத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். புற்று அடங்கியது. கூடவே வேறு பலதும் அடங்கின.

வீட்டில் எப்போதும் வெற்றுடம்போடு லுங்கி கட்டிக்கொண்டு திரிந்த மனிதர், சித்திரை வெயிலிலும் பனியன் மேல் சட்டை போட ஆரம்பித்தார். மார்பு பெண்களுக்குப் போல வீங்கியிருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உச்சந்தலையிலிருந்து நெருப்பு இறங்கும், சட்டை தொப்பலாகிவிடும். பற்பசை விளம்பரத்தில் ஒரு குழந்தை சிரித்ததைப் பார்த்து அரை மணி நேரம் அழுதார். பிறகு ஒருநாள் தன் கட்டிலை ஹாலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என் வேர்வையில உன் தூக்கம் கெடுது."

"எனக்கு ஒண்ணும் கெடல."

"எனக்கு இப்ப ஒண்ணுமே தோணறதில்ல ரெஜினா," என்றார். "உன்மேல கோவம்லாம் இல்ல. எதுவுமே தோணல. அவ்வளவுதான்."

முப்பத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் அவர் அவளிடம் சொன்ன மிக நீளமான அந்தரங்கப் பேச்சு அதுதான். ரெஜினா தலையணை உறையை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் டாக்டர் மிருதுளா குப்பியைப் பற்றிச் சொன்னார். புளியங்கொட்டை அளவு. இடது மேல் கையில், தோலுக்கு அடியில் வைப்பார்கள்.

"ஆண் ஹார்மோனைத் தின்னுதான் சார் இந்தப் புற்று வளருது. ஊசி போட்டு அந்த ஹார்மோனையே நிறுத்திட்டோம். புற்றுக்குப் பட்டினி. கூடவே உங்களுக்கும் பட்டினி."

"தெரியுதும்மா," என்றார் தைரியநாதன், சட்டையை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டே.

"இந்தக் குப்பி எதையும் நிறுத்தாது. காவல் காக்கும். ஹார்மோன் எப்ப குபுக்குனு ஏறுதோ, அப்ப ஒரே ஒரு சொட்டு மருந்து விடும். அது போய்ப் புற்றோட வாயை அடைச்சிடும். மத்த நேரமெல்லாம் நீங்க நீங்களா இருக்கலாம்."

"அப்ப நல்லதுதானே டாக்டர்?" என்றாள் ரெஜினா.

"ஒரு சிக்கல் இருக்கு. புற்று முட்டாள் இல்ல. அந்தச் சொட்டை ஒவ்வொரு தடவை பார்க்கறப்பவும் கொஞ்சம் கத்துக்குது. முழுசாக் கத்துக்கிட்ட அன்னிக்கு இந்த மருந்து வேலை செய்யாது. வேற மருந்தும் இல்ல. ஒரு சொட்டுக்கு ஒன்பது மணி நேரம் ஆயுள் போகுதுன்னு எங்க கணக்கு."

"எதுக்கெல்லாம் ஏறும்?"

"கோவம், சண்டை, போட்டி. ஜெயிச்சா ஏறும். அப்புறம்..." டாக்டர் பேனாவை மூடினார். "ஆசை வந்தா ஏறும்."

தைரியநாதன் ஜன்னலைப் பார்த்தார். ரெஜினா தன் கைப்பையின் ஜிப்பைப் பார்த்தாள். அந்தக் கடைசி விஷயத்தால் ஆபத்து இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

டிசம்பரில் குப்பி வைத்தார்கள். ஜனவரிக்குள் வேர்வை நின்றது. அழுகை நின்றது. வீக்கம் கொஞ்சம் வற்றியது. குப்பி வைத்த வாரமே தைரியநாதன் பரணிலிருந்து மட்டையை எடுத்து நரம்பு இழுத்துக் கட்டியிருந்தார். கட்டில் மட்டும் ஹாலிலேயே கிடந்தது.

மட்டை என்றால் பூப்பந்து மட்டை. மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர். பணிமனை மைதானத்தில் ஓய்வுபெற்றவர்கள் தினமும் ஆடுவார்கள், ஞாயிறு தவிர. அவர்களுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. ஆட்டத்துக்குப் புள்ளிக் கணக்கு எல்லை கிடையாது. ஐந்தரைக்குப் பணிமனைச் சங்கு ஊதும். ஊதும் நொடியில் எந்தப் பக்கம் முன்னால் இருக்கிறதோ அந்தப் பக்கம் ஜெயித்தது. அதற்கு மேல் ஒரு பந்து கிடையாது. வேலையில் இருந்தபோது சங்குக்குக் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே போட்டவர்கள். ஓய்வுக்குப் பிறகும் அப்படியே பந்தைப் போட்டார்கள்.

சங்கு ஊதும்போது ரெஜினா மைதானத்தின் கிழக்குக் கேட்டைத் திறந்துகொண்டு, வயர்க் கூடையில் சுக்குக் காபி ஃபிளாஸ்க்கோடு குறுக்காக நடந்து வருவாள். அதுவும் பல வருடச் சட்டம்தான்.

பிப்ரவரியில் ஒரு காலை, ரெஜினா போனைப் பார்த்து அப்படியே நின்றாள். குப்பி வைத்து அறுபது நாள். எண்பது நாள் குறைந்திருந்தது.

1,380.

கடைசிச் சொட்டு விழுந்த நேரத்தை மட்டும் போன் காட்டும். நேற்று, மாலை 5.31. அன்றிலிருந்து தினமும் இரவு குறித்து வைத்தாள். ஐந்தரை. ஐந்தரை. ஐந்தரை. ஞாயிறன்று ஒன்றுமில்லை. திங்கள், ஐந்தரை.

டாக்டருக்குப் போன் செய்தாள்.

"ஐந்தரைக்கு என்ன பண்றார் மேடம்?"

"பூப்பந்து ஆடி முடிப்பார்."

"ஜெயிப்பாரா?"

"அவர் தோக்கறது வருஷத்துல ஒண்ணு ரெண்டு தடவைதான் டாக்டர்." சொல்லும்போதே குரலில் பெருமை வந்துவிட்டது. அடுத்த நொடி பயமும் வந்தது.

"அப்ப அதேதான். இப்படியே போனா நாலு வருஷத்துல கிட்டத்தட்ட ஒரு வருஷம் கரைஞ்சிடும். ஆனா ஒரு வழி இருக்கு. ஆறு மாசம் விடாம அந்தத் தூண்டுதல் கிடைக்காம இருந்தா, அது அணைஞ்சு போயிடும். உடம்பு மறந்துடும். அதுக்கப்புறம் அவர் இஷ்டத்துக்கு ஜெயிக்கலாம். சொட்டு விழாது."

"விளையாட வேண்டாம்னு சொல்லிடவா?"

"சொல்லிப் பாருங்க."

"சண்டைக்கு வருவார். அதுக்கு ஒரு சொட்டு விழும்."

டாக்டர் சிரித்துவிட்டார். ரெஜினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு மாதம்தான் என்று நினைத்தாள். ஆறு மாதம் தோற்றால் போதும்.

வேலாயுதத்தின் வீடு அடுத்த தெருவில் இருந்தது. எதிர் அணியின் கேப்டன். தைரியநாதனோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். இருபது வருடமாகத் தோற்றுக்கொண்டிருப்பவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மோவாயைத் தடவினார்.

"அவனை நாங்க ஜெயிக்கணும். தினமும். ஆறு மாசம்."

"ஆமாண்ணே."

"தங்கச்சி, இதை நீ பத்து வருஷம் முன்னாடியே கேட்டிருக்கலாம். எவ்வளவோ முயற்சி பண்ணிட்டோம்."

"அவர் பக்கத்து ஆளுங்ககிட்டயும் சொல்லிடுங்க. வர்ற பந்தையெல்லாம் விட்டுரட்டும்."

"அதெல்லாம் நான் பார்த்துக்கறேன். ஆனா நீ மைதானத்துப் பக்கமே வரக்கூடாது."

"ஏன்?"

"உன் மூஞ்சி இருக்கே, அது ஒரு நிமிஷத்துல காட்டிக் குடுத்துரும். அவன் தோக்கறதைப் பார்த்துட்டு நீ சும்மா நிப்பியா? அழுதுருவ. ஃபிளாஸ்க்கை அவன்கிட்டயே குடுத்து அனுப்பிரு."

மறுநாள் முட்டி வலி என்று சொன்னாள். தைரியநாதன் தானே கூடையை எடுத்துக்கொண்டு போனார். ரெஜினா சமையலறையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சங்கு ஊதியது. ஒரு நிமிடம். ஐந்து நிமிடம். எண் அசையவில்லை.

வேலாயுதம் கூப்பிட்டார். "தோத்துட்டான் தங்கச்சி! மூணு புள்ளியில. அங்க என்ன ஆச்சு?"

"ஒண்ணும் விழல அண்ணே!"

"பார்த்தியா! அதான் விஷயம்!"

அடுத்த நாளும் தோற்றார். அதற்கடுத்த நாளும். எண் ஒரு நாளைக்கு ஒரு நாள் மட்டுமே இறங்கியது. ஒழுங்காக, நல்ல பிள்ளையைப் போல.

தோற்கடிப்பது சுலபமாக இருக்கவில்லை. தைரியநாதனின் பக்கத்து முன்னாட்டக்காரர், நேராகக் கைக்கு வந்த பந்தை விடத் தெரியாமல் தும்மி வைத்தார். இன்னொருவர் வாரத்துக்கு மூன்று முறை கால் இடறினார். வேலாயுதம் தன் வீட்டு மாடியில் ரகசியமாக, பந்தைச் சீவி விடும் 'கட்' அடித்துப் பழகினார். ஆனாலும் சில நாட்களில் சங்கு ஊத ஒரு நிமிடம் இருக்கும்போது தைரியநாதன் ஒற்றை ஆளாக எட்டு புள்ளி எடுத்துவிடுவார். எதிர்ப்பக்கத்தில் எல்லாருக்கும் வியர்க்கும்.

"என்னடா தைரியம், தனியா ஆடறே?"

"அஞ்சு பேர் இருக்கற மாதிரி எனக்குத் தெரியல," என்பார் அவர்.

இரண்டாவது மாதம் ஒரு மாலை, கூடையை வாசலில் வைத்துவிட்டு ரெஜினாவிடம் கேட்டார்.

"முட்டி இன்னும் சரியாகலியா?"

"இல்லங்க."

"வீட்டுக்குள்ள நல்லாத்தானே நடக்கற."

"தூரம் நடந்தா வலிக்குது."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"டாக்டர் ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லையே. என்ன சொல்லப் போறாங்க?"

வேலாயுதம் சொன்னது சரி. ரெஜினாவின் முகத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. தைரியநாதன் கூடையிலிருந்து காலி ஃபிளாஸ்க்கை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"சரி ரெஜினா. நீ செய்யறது சரிதான்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோற்கடிக்கும் திட்டம் தெரிந்துவிட்டதா? ஆனால் அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. மறுநாளும் போனார். மறுநாளும் தோற்றார். முன்போல வீட்டுக்கு வந்து புலம்பவும் இல்லை.

நான்காவது மாதம் மட்டையை ஆணியில் மாட்டிவிட்டார்.

"ஏங்க, விளையாடப் போகலியா?"

"அங்க போய் என்ன பண்ண?"

ஹாலில் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். ஐந்தரைக்குச் சங்கு ஊதும்போது மட்டும் டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார். இட்லியில் உப்பு இல்லாததைச் சொல்லாமல் சாப்பிட்டார். ரெஜினாவுக்குத் திட்டத்தைச் சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வரும். போனைப் பார்ப்பாள். 1,262. இன்னும் இரண்டு மாதம். அடக்கிக்கொள்வாள். பிறகு வாழ்நாள் முழுக்க ஜெயிக்கட்டும், உட்கார்ந்து பார்க்கலாம் என்று தனக்கே சொல்லிக்கொள்வாள்.

ஆகஸ்டில் ஆறு மாதம் முடிந்தது. வேலாயுதம் வீட்டுக்கு வந்து தைரியநாதனின் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஒரு ஆள் குறையுதுடா. வந்து நில்லு. பந்து தானா வந்து மட்டையில படும்."

போனார். அன்று யாரும் தும்மவில்லை. யாரும் இடறவில்லை. சங்கு ஊதியபோது தைரியநாதனின் அணி பதினொரு புள்ளி முன்னால் இருந்தது. ரெஜினா சமையலறையில் போனை வெறித்துக்கொண்டு நின்றாள். எண் அசையவில்லை. பத்து நிமிடம் ஆனது. அசையவே இல்லை.

"தங்கச்சி! ஜெயிச்சுட்டான்!"

"எண் அசையல அண்ணே! அசையவே இல்ல!"

இருவரும் போனில் அழுதார்கள். ரெஜினா சேமியா பாயசம் வைத்தாள். ஜெயித்துவிட்டு வந்த தைரியநாதன் அதை இரண்டு கரண்டி குடித்துவிட்டு, "இனிப்பு கொஞ்சம் ஜாஸ்தி," என்றார்.

மறுநாள் காலை டாக்டரிடம் போனார்கள். டாக்டர் மிருதுளா திரையில் ஆறு மாதக் கோட்டை விரித்துக் காட்டினார். வரைகோல் வைத்துப் போட்டதுபோல் இருந்தது.

"அற்புதம் சார். இவ்வளவு அமைதியான கோட்டை நான் பார்த்ததில்ல. அந்தத் தூண்டுதல் முழுசா அணைஞ்சிடுச்சு."

"முன்னாடி சொட்டு விழுந்ததெல்லாம் இவர் ஜெயிச்ச ஜெயிப்பாலதான் டாக்டர்," என்றாள் ரெஜினா சந்தோஷத்தில். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? "குப்பி வச்ச புதுசுல பொங்கல் கோப்பை ஜெயிச்சார். அன்னிக்கு ரெண்டு சொட்டாவது விழுந்திருக்கும்."

"என்னைக்கு அது?"

"ஜனவரி பதினாறு."

டாக்டர் பின்னால் தள்ளிப் பார்த்தார். புருவம் சுருங்கியது.

"அன்னிக்கு ஒண்ணும் விழலையே மேடம்."

"இருக்காது. பைனல் ஆட்டம் அது."

"பதினஞ்சு விழல. பதினாறு விழல. பதினேழு சாயங்காலம் விழுந்திருக்கு." டாக்டர் தைரியநாதனிடம் திரும்பினார். "சார், அந்தச் சமயத்துல எப்பவாவது தோத்தீங்களா?"

தைரியநாதன் தயங்கினார். "ஜனவரி கடைசியில ரெண்டு நாள். காய்ச்சலோட ஆடினேன்."

"அந்த ரெண்டு நாளும் ஐந்தரைக்கு விழுந்திருக்கு." டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப ஜெயிக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. வேற ஏதோ. முன்னாடியே முழுப் பதிவையும் பார்த்திருக்கணும், தப்பு என்மேலதான். ஆனா பரவால்ல. எதுவா இருந்தாலும் அணைஞ்சாச்சு. உங்களுக்கு நல்ல செய்திதான்."

தைரியநாதன் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜனவரி பதினைந்தும் பதினாறும் ரெஜினா திருச்சியில் இல்லை. திண்டுக்கல்லில் அக்கா மகன் கல்யாணம். கோப்பையை ஜெயிக்க வேண்டும் என்று அவர் மட்டும் வரவில்லை. பதினேழாம் தேதி மாலைதான் அவள் மறுபடி ஃபிளாஸ்க்கோடு மைதானத்துக்குப் போனாள்.

டிரைவர் இல்லாத பஸ்ஸில் கடைசி இருக்கையில் உட்கார்ந்து திரும்பினார்கள். பாலத்தைத் தாண்டியதும் ரெஜினா கேட்டாள்.

"என்னங்க. அது நானா?"

தைரியநாதன் வெளியே பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் வாரமே தெரியும். சொட்டு விழுந்தா கைக்குள்ள ஐஸ் வச்ச மாதிரி ஒரு நொடி ஜில்லுங்கும். சங்கு ஊதும். நீ கேட்டைத் திறப்ப. ஜில்லுங்கும்."

"வீட்ல நாள் பூரா உங்க முன்னாடிதானே நிக்கறேன்!"

"வீட்ல நீ மாத்திரை குடுக்கறவ. வேர்வை துடைச்சவ. என் உடம்பு என்ன கதியாச்சுன்னு பார்த்தவ." அவர் சட்டையின் முன்பக்கத்தைப் பழக்கமாக இழுத்து விட்டுக்கொண்டார். "மைதானத்துல நீ ஸ்டோர்ஸ் ஆபீஸ்ல வேலை பார்த்த பழைய ரெஜினா. கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு வருஷம், சங்கு ஊதினதும் டிபன் டப்பாவை ஆட்டிக்கிட்டு அதே வழியாத்தானே குறுக்க நடந்து போவ? சங்குக்கு அப்புறம் ஒரு பந்து கிடையாதுன்னு சட்டம் கொண்டாந்தது யாருன்னு நினைச்ச? இப்ப ஆடறப்பவும் உன்னைப் பார்த்துட்டா நான் பந்தை விட்டுருவேன். அதுக்காகக் கொண்டாந்தது."

ரெஜினா அவர் பக்கம் திரும்பினாள். "ஒண்ணுமே தோணலன்னு சொன்னீங்க."

"சொன்னப்ப அது நெசம். அப்புறம் குப்பி வச்சாங்க, வந்துச்சு. சொன்னா நீ வரமாட்ட. ஒன்பது மணி நேரம்தானே, போகட்டும்னு இருந்தேன்."

"அப்ப நான் வராம நின்னப்ப?"

"நீ கண்டுபிடிச்சுட்டன்னு நினைச்சேன். என் உசிரைக் காப்பாத்தத்தான் நீ வராம இருக்கன்னு. அதான், நீ செய்யறது சரின்னு சொன்னேனே."

ரெஜினா வேலாயுதத்தின் திட்டத்தைச் சொன்னாள். தும்மல், இடறல், மாடியில் பழகிய 'கட்', எல்லாம். தைரியநாதன் முதலில் நம்பவில்லை. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நினைச்சேன்! வேலாயுதத்துக்கு அவ்வளவு நல்லா ஆட வராதேன்னு நினைச்சேன்!"

சிரிப்பு எங்கே நின்றது என்று தெரியவில்லை. சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பழைய வேர்வை திரும்பி வந்துவிட்டதோ என்று ரெஜினா பார்த்தாள். வேர்வை இல்லை.

மறுநாள் மாலை நாலரைக்கு அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். மட்டையை எடுக்கவில்லை.

"வரட்டுமா?" என்றாள் ரெஜினா.

"வா."

"ஒன்பது மணி நேரங்க."

"வா ரெஜினா."

சங்கு ஊதியபோது அவள் கிழக்குக் கேட்டில் இருந்தாள். வயர்க் கூடையில் ஃபிளாஸ்க், அதன் பக்கத்தில் போன். 1,197 நாள், 7 மணி. கேட்டைத் திறந்தாள். பழைய துரு, பழைய சத்தம். மைதானத்தின் நடுவில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் பந்தைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் சிமென்ட் பெஞ்சில் இருந்த தைரியநாதன் எழுந்து நின்றார்.

ரெஜினா நடந்தாள். வேகமாக நடக்கவில்லை. பாதி தூரத்தில் குனிந்து பார்த்தாள். 7 மணி. ஆட்டக் கோட்டைத் தாண்டும்போது பார்த்தாள். 7 மணி. அவர் தன்னையே பார்ப்பது தெரிந்தது. கண்ணை எடுக்காமல், எதையோ எட்டிப் பிடிக்கப் போகிறவர்போல. பெஞ்சுக்கு நாலடி முன்னால் நின்று, கூடையைக் கை மாற்றும் சாக்கில் கடைசியாக ஒருமுறை பார்த்தாள்.

1,197 நாள், 7 மணி.

"ஜில்லுன்னு வந்துச்சு," என்றார் தைரியநாதன், இடது கையைத் தடவிக்கொண்டே.

ரெஜினா போனைக் கூடைக்குள் கவிழ்த்து வைத்தாள்.

"ஆமாங்க. இப்பதான் பார்த்தேன். ஒன்பது மணி நேரம் போச்சு."

"போகட்டும்," என்று அவர் நகர்ந்து இடம் விட்டார்.